கழிவு போக நிறை

மரியநாயகம் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே என்னோடு சண்டை பிடித்தார். அது 1983 ஜனவரி. கண்டியில் எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நெஞ்சு நோய்க்காரர்கள் வருகிற இடம், அவ்வளவுதான். அங்கே நான் பதினொரு வருடம் அட்டெண்டன் வேலை பார்த்தேன். பெயர் பியட்றிஸ். வருகிறவர்களைத் தராசில் ஏற்றி, நிறையை அட்டையில் எழுதி, வாங்கில் உட்கார வைப்பது என் வேலை. தமிழும் சிங்களமும் எனக்கு ஓடும் என்பதால் டாக்டர்மாருக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று சொல்லிக் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

"தராசுல ஏறுங்க அண்ணே" என்றேன். அவர் ஏறவில்லை. குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"வெறுந் தராசே அரைக் கிலோ காட்டுதே. இதுல எப்படி ஆள நிறுப்பீங்க?"

"ஏறுறதுன்னா ஏறுங்க. பின்னால நாப்பது பேரு நிக்கிறாங்க."

"முள்ள பூச்சியத்துக்குக் கொண்டாங்க. அப்புறம் ஏறுறேன்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் மனிதர் சொன்னது நியாயம். அதுதான் கூடுதல் எரிச்சல். திருகாணியைத் திருகி முள்ளைச் சரியாக்கினேன். அதன் பிறகுதான் ஏறினார். முப்பத்தெட்டுக் கிலோ. ஐந்தரை அடி உயரம், நாற்பத்தாறு வயது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடத்தான் வேண்டும்.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை அவர். மலைநாட்டில் கொழுந்து நிறுப்பது சும்மா வேலையல்ல. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் கூடையில் ஏறிவிடும். தண்ணீருக்குத் தோட்டம் சம்பளம் கொடுக்காது. ஆகவே நிறுக்கிறவர் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பார்த்து, "ரெண்டு", "நாலு" என்று றாத்தல், அதாவது பவுண்டுக் கணக்கில் ஈரக்கழிவு சொல்லுவார். அது கழிந்து மிச்சம்தான் அவளுடைய கொழுந்து. காலையிலிருந்து அட்டைக்கடியும் மழையும் பட்டு வந்த பெண்ணுக்கு அந்த நாலு றாத்தல் எப்படி இருக்கும்? மரியநாயகத்தை ஏசாத வாய் அந்த மலையில் இல்லை. "நான் துரைக்காகக் கழிச்சதில்ல, தண்ணிக்காகத்தான் கழிச்சேன்" என்பார். விரல் இடுக்கில் இருக்கிற ஈரத்தை வைத்து றாத்தல் சொல்லத் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

பிறகு காசநோய் வந்தது. மருந்தில் கிருமி போய்விட்டது. ஆனால் இடது பக்கத்துச் சுவாசப்பையை அது தின்று முடித்துவிட்டுத்தான் போனது. தோட்டத்தை விட்டுக் கெலிஓயாவுக்கு வந்து, ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் கராம்பும் மிளகும் நிறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி சூசையம்மா மட்டும். காலையில் இருமினால் ஒரு பேணி நிறையச் சளி, அதில் இரத்தம். அந்தப் பையை வெட்டி எடுக்காவிட்டால் ஒருநாள் இரத்தம் நிற்காமல் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து டாக்டர் விமலநாதன் வருவார். யாழ்ப்பாணத்து ஆள், நெஞ்சைத் திறக்கிறவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இடது பக்கத்தை முழுக்க எடுக்கலாம். வலது பக்கம் தாங்கும். ஆனா இந்த உடம்பை நான் வெட்டன். வெட்டினால் காயம் ஆறாது. வெட்டின பிறகு இருமித் துப்பவேணும், அதுக்குச் சதை வேணும். நாப்பத்தஞ்சு கிலோவுக்கு வாங்கோ. கிலோவை மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதையுங்கோ, விளங்குதே? தினமும் நடவுங்கோ. ரண்டு மாடிப் படி நிக்காமல் ஏறிக் காட்டினால்தான் நான் கத்தியைத் தொடுவன்."

"நாப்பத்தஞ்சு" என்றார் மரியநாயகம். "றாத்தல்ல நூறுக்கு ஒன்னு கொற."

மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அட்டையில் குறித்துக்கொள் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். நான் 45 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். படியையும் நடையையும் எழுதவில்லை. அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. இன்றைக்கு வரைக்கும் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் அதுதான், உதவாத சமாதானம்.

சூசையம்மா அந்த ஆறு மாதம் செய்ததை எந்தத் தாயும் பிள்ளைக்குச் செய்திருக்கமாட்டாள். காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்குப் பால், மத்தியானம் நெத்தலியும் பருப்பும் கீரையும் சோறும், பின்நேரம் மறுபடி முட்டை. தன் பங்கு மீனையும் அவர் கோப்பையில்தான் போட்டாள். அவர் நிறை ஏற ஏற அவள் இறங்கினாள். அதைப் பார்க்க அவளை யாரும் தராசில் ஏற்றவில்லை. பின்நேரத்தில் கெலிஓயா மேட்டில் இருவரும் ஏறி இறங்குவார்கள். அந்த நடை டாக்டர் சொன்னதற்காக அல்ல, பசி எடுக்கட்டும் என்பதற்காக. எதற்காக நடந்தால் என்ன, நடந்தார்.

மார்ச்சில் நாற்பது. மே மாதம் நாற்பத்திரண்டு. ஜூலை முதல் கிழமை நாற்பத்து மூன்றரை. கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. எங்கள் கட்டிடத்துப் படியை ஒருமுறைதான் நின்று ஏறினார். டாக்டர் விமலநாதன் முதுகில் தட்டி, "ஓம், இப்ப ஆள் மாதிரி இருக்கிறியள்" என்றார். மிச்சம் ஒன்றரைக் கிலோவும் அதற்குள் ஏறிவிடும் என்று, ஆகஸ்ட் எட்டாம் திகதிக்குக் கொழும்பில் அனுமதி எழுதினார். சூசையம்மா அன்றைக்கு எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாள். நானும் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் திகதிக்கு முன்னால் ஜூலை இருபத்தாறு வந்தது.

கண்டியில் தமிழர் கடைகளை எரித்த நாள் அது. எரித்தவர்கள் என் வாசலிலும் வந்து நின்றார்கள். நான் சிங்களத்தில் பேசினேன், பெயரைச் சொன்னேன். பியட்றிஸ் என்ற பெயரை வைத்து என்னை என்னவென்று நினைத்தார்களோ, போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு வரதராசா மாஸ்டரின் புத்தகங்கள் முற்றத்தில் எரிவதைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குப் பிரியமில்லை.

கெலிஓயாவில் மரியநாயகத்தையும் சூசையம்மாவையும் கடை முதலாளியின் மனைவி றம்ஸியா பின்பக்கத்தால் இழுத்துக்கொண்டுபோய் விறகறைக்குள் வைத்துப் பூட்டினாள். மூன்று நாள். தெருவில் ஆட்கள் போகும்போதெல்லாம் அவருக்கு இருமல் வரும். "அண்ணே, இருமல் வந்தா தலகாணிய வாய்க்குள்ள வெச்சிக் கடிச்சிக்கிங்க, அல்லாவுக்காக" என்று றம்ஸியா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியிருக்கிறாள். கடித்தார். தலையணை இரத்தமானது. சோறு மென்றால் இருமல் வரும் என்று சாப்பிடவும் இல்லை. துப்ப வேண்டிய சளி உள்ளேயே நின்று காய்ச்சலாக மாறியது. நாலாம் நாள் பொலிஸ் லொறியில் ஏற்றிக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இறக்கினார்கள். அவர்களுடைய வீட்டில் அலுமாரி, கட்டில், பால்மா டின் வரைக்கும் போய்விட்டிருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்பது சொலவடை மட்டுமல்ல என்று அந்தக் கிழமை தெரிந்துகொண்டோம்.

டாக்டர் விமலநாதனின் கொழும்பு வீடும் எரிந்தது. கப்பலில் யாழ்ப்பாணம் போனார், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். ஆகஸ்ட் எட்டு வந்தது, போனது.

முகாமில் அரிசி மூட்டை நிறுக்க ஒரு பெரிய தராசு வந்தது, ஆள் ஏறி நிற்கலாம். நிறுக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் மரியநாயகத்தைக் காட்டினார்கள். மூச்சு வாங்க, ஒரு கதிரையில் இருந்தபடி குடும்பம் குடும்பமாக அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் தானே ஏறி நிற்பார். முதல் நாள் முப்பத்தெட்டரை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஆறு மாதச் சாப்பாடு இரண்டு கிழமையில் கரைந்துபோயிருந்தது.

பிறகு நிறை ஏறத் தொடங்கியது. நாற்பது. நாற்பத்தொன்றரை. நாற்பத்து மூன்று. வெறும் சோறும் பருப்பும் சம்பலும் தின்று, நாள் முழுக்க ஒரு பாயில் படுத்துக்கிடக்கிற மனிதருக்கு நிறை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் பார்க்கப் போனபோது சூசையம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"நாப்பத்து நாலு தங்கச்சி! மாதா கண்ணத் தொறந்துட்டாங்க!"

முகாமில் வெள்ளையம்மா என்று ஒரு கிழவி இருந்தாள். அவருடைய பழைய தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், தோட்டத்து வரிசைவீடான லயம் எரிந்து வந்தவள். அவர் தராசில் நிற்பதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு என் முன்னாலேயே கிட்ட வந்து, அவருடைய கால்களைக் குனிந்து பார்த்தாள். செருப்பு வார் பாதத்தில் புதைந்திருந்தது.

"ஐயா, இது சத இல்லீங்க. தண்ணி. மழ நாள்ல எங்க கூடையில கைய விட்டு நாலு, அஞ்சுன்னு கழிச்சீங்களே. இதுலயும் கழிச்சிப் பாருங்க."

அவள் பழிக்குச் சொன்னாளா, பரிவாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். மரியநாயகத்துக்கு முகம் சிவந்தது.

"தராசு பொய் சொல்லாது வெள்ளையம்மா. முள்ள நான் பாத்துத்தான் ஏறுறேன்."

"தராசு அன்னைக்கும் பொய் சொல்லலீங்களே. நீங்கதானே கழிச்சீங்க."

"கண்ணு வெக்காத, போ அங்கிட்டு!" என்று சூசையம்மா அவளை விரட்டினாள். அன்று பின்நேரம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாளாம்.

நான் என்ன செய்தேன்? கிளினிக்கில் வருடக்கணக்காக வீங்கிய கால்களைப் பார்த்தவள் நான். வீக்கமெல்லாம் வளர்ச்சியில்லை என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லுகிற வாய் எனக்கு. ஆனால் அந்த மாதத்தில் எனக்கு ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது. எங்கேயாவது ஒரு தமிழனுக்கு ஏதாவது நல்லது நடக்க வேண்டும் என்று கிடந்தேன். ஆகவே நானும் வெள்ளையம்மாவை முறைத்துப் பார்த்தேன்.

செப்டெம்பர் இரண்டாம் புதன் கிளினிக்கில் அவரைத் தராசில் ஏற்றினேன். நாற்பத்தாறு. அட்டையில் எழுதி நானே தட்டிக் கொடுத்தேன். புது டாக்டர் வந்திருந்தார், ரத்நாயக்க என்று இளம் ஆள், தமிழ் தெரியாது. மரியாதையானவர். அந்த நாட்களில் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். உறவுக்காரர் உள்ளே வரக்கூடாது என்பதால் சூசையம்மா வெளியே வாங்கில் இருந்தாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். நாற்பத்தாறு என்ற எண்ணுக்கும் கழுத்தெலும்புக்கும் ஒத்துவரவில்லை. கீழே குந்தி, மரியநாயகத்தின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். சற்று நேரம் வைத்திருந்து எடுத்தார். விரல் போன இடத்தில் குழி நின்றது. ஒரு கடலையை வைத்தால் உருளாமல் இருக்கும், அவ்வளவு ஆழம். பிறகு மேல்கையைத் தன் விரலால் வளைத்துப் பிடித்தார். பெருவிரலும் நடுவிரலும் சுலபமாகத் தொட்டுக்கொண்டன. எழுந்து என்னிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கைதான் உண்மை சொல்லுகிறது. காலிலும் வயிற்றிலும் இருப்பது தண்ணீர். அதை எடுத்தால் முப்பத்தாறு கிலோதான் இந்த மனிதர். நெஞ்சில் சதையே மிச்சமில்லை. இதயமும் களைத்துவிட்டது. இனி வெட்டினால் மேசையிலேயே போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் வெட்டியிருக்கலாம்." பிறகு, "அவருக்கு நன்றாக விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார்.

சொல்லத் திரும்பினேன். மரியநாயகம் என்னைப் பார்க்கவில்லை. தன் காலில் நின்ற குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பெருவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தார். இரண்டாவது குழியும் நின்றது.

"எத்தன கழிச்சாரு தங்கச்சி?"

"பத்து."

"பத்து சரிதான். நானா இருந்தாலும் பத்துத்தான் கழிச்சிருப்பேன்" என்றார்.

அழுதுவிடுவேன் என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "சூசைக்குச் சொல்லிராதீங்க. அது தன் சோத்தையும் எனக்குத்தான் போட்டுச்சு. அது தண்ணியாப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லமாட்டேன் என்றேன். வெளியே வந்ததும் சூசையம்மா எழுந்து நின்றாள். "எத்தன?"

"நாப்பத்தாறு" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. "தேதி வரும், இருன்னாங்க."

தண்ணீரை இறக்கவும் மூச்சுக்கு லேசாகவும் டாக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். முகாம் மூடி அவர்கள் கெலிஓயாவில் வெறும் சுவருக்கு நடுவில் போய் இருந்த பிறகு, ஒக்டோபரில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், படுக்க முடியவில்லை. வயிறும் கால்களும் பானை மாதிரி. சூசையம்மா தேத்தண்ணி வைக்கப் போன நேரம் பார்த்துப் பாய்க்கு அடியிலிருந்த குளிசைப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். ஒரு குளிசை குறையவில்லை.

"உங்களுக்கு என்ன விசரா?" என்று கத்தினேன். "இத குடிச்சா மூச்சாவது லேசா இருக்குமே!"

"ஒரு நாள் குடிச்சேன். ராத்திரி முழுக்க ஒன்னுக்குப் போயி, காலையில கால் குச்சியாயிருச்சு. அதப் பாத்து சூசை தலையில அடிச்சிக்கிட்டு அழுவுது. இருக்கட்டும் தங்கச்சி. இன்னும் எத்தன நாளு."

திட்டினேன், கெஞ்சினேன். கேட்கவில்லை. கராம்புக் கடைக்கு மறுபடி எப்போது போகலாம் என்று சூசையம்மா கேட்டபோது, தைப்பொங்கல் கழியட்டும் என்று பதில் சொன்னார்.

நவம்பர் நடுவில், ஒரு சனிக்கிழமைக் காலை, உட்கார்ந்தபடியே போய்விட்டார். செய்தி கிடைத்து நான் போனபோது பெட்டி வந்துவிட்டது. புதைக்கிற சேமக்காலை மேட்டில் இருந்தது. அடைமழை, சறுக்கல் பாதை. தோட்டத்திலிருந்து வந்த ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பாதி ஏற்றத்தில் கீழே வைக்க வேண்டி வந்தது. அதில் ஒருவன் தோளைத் தடவிக்கொண்டு சொன்னான்.

"என்னா கனம்! நோவுல கெடந்த ஆளு மாதிரியா இருக்கு?"

சூசையம்மாவின் அழுகை அப்படியே நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மழையில் நனைந்து, எலும்பாக நின்றாள்.

"கேட்டீங்களா தங்கச்சி? கனமாத்தானே இருந்தாரு! நீங்கதானே நிறுத்தீங்க. கேட்ட கிலோவ நாங்க கொண்டாந்தோமா இல்லையா? அப்ப ஏன் வெட்டல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளையம்மாவும் நின்றாள், அவளுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. தேதி கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடவுள் சித்தம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நூறு பொய் இருந்தது.

"டாக்டர் மாட்டேன்னுட்டாரு அக்கா" என்றேன்.

"எந்த டாக்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"புது ஆளு. சிங்கள டாக்டர்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "பின்ன, நம்ம ஆள எதுக்கு அவன் காப்பாத்தப்போறான்" என்று ஒரு குரல் வந்தது. சூசையம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தன் சோறு வீண்போகவில்லை என்ற நிம்மதியும் அந்த முகத்தில் தெரிந்தது, அதை நான் கண்டேன். எனக்கும் அந்த வருடத்தில் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கடை எரித்தவன் கையில் அகப்படமாட்டான். குந்தியிருந்து காலைத் தொட்டுப் பார்த்த மனிதர் அகப்பட்டார். பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த புதன் கிளினிக்கில் டாக்டர் ரத்நாயக்க அட்டைகளைப் புரட்டும்போது மரியநாயகத்தின் அட்டையில் நின்றார். இறந்துவிட்டார் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெட்டாததற்குக் காரணம் வீட்டாருக்கு விளங்கியதா?" என்று கேட்டார். "நீங்கள் நன்றாகச் சொன்னீர்கள்தானே?"

"விளங்கியது சேர்" என்றேன்.